போதை மீட்சியில் துணையும் நம்பிக்கையும் – ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

குடியிலோ பிற போதைப் பொருளிலோ சிக்கிய ஒருவர் அதிலிருந்து விடுபடுவது யாருடைய செயல்? அவருடைய மனவுறுதியின் செயல் என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. இவ்விடை மீண்டவரைப் பாராட்டுகிறது. அதே வேளையில் மீளாதவரை உறுதியற்றவர் என ஒதுக்கிவிடவும் இடம் தருகிறது. நடுவணரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்கு உட்பட்டோருள் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவோர். அவர்களுள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் தீங்கு பயக்கும் அளவில் குடிப்பவராகவோ குடிக்கு ஆட்பட்டவராகவோ உள்ளனர். குடிக்கு ஆட்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு வகை உதவியையோ சிகிச்சையையோ பெற்றதாகக் கூறியுள்ளார். எஞ்சிய 37 பேரும் தத்தம் மனவுறுதியோடு தனித்து விடப்பட்டவர்கள். ஆகவே மீட்சி யாருடைய செயல் என்னும் வினா ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று.

மனவுறுதி உண்மையானது, ஆயினும் அது தனிமையில் தோன்றுவதில்லை, பிறரொருவரின் அருகில்தான் உருவாகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்து தமிழ் அறநூல் மரபிற்குப் புதியதன்று என்பதைத் திருக்குறள், மணிமேகலை ஆகியவற்றின் துணைகொண்டும், இருபதாம் நூற்றாண்டின் மீட்பு முயற்சிகள் சிலவற்றைக் கொண்டும் இது ஆராய்கிறது.

சொற்கள் காட்டும் பார்வை

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூரில் இயங்கி வருகிறது. செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையமும் 2006இல் முதன்முதலில் அங்கேயே தொடங்கப்பெற்றது. தமிழும் கன்னடமும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் அந்நகரில் இரு மொழிச் சொற்களையும் அருகருகே வைத்து நோக்குதல் இயல்பு. போதை மீட்பு நிலையத்தைக் கன்னடத்தார் 'வியசனமுக்தி கேந்திரம்' என்பர். வியசனம் என்னும் சொல் அம்மொழியில் தீய பழக்கத்தையும் துயரத்தையும் ஒருங்கே குறிக்கும். அச்சொல்லே தமிழில் 'விசனம்' எனத் திரிந்து, வழக்கில் துயரம் என்னும் பொருளோடு நின்றுவிட்டது. பழக்கத்திற்கு ஆட்பட்டவரைத் தமிழ் 'அடிமை' என்கிறது. ஒரு மொழி துயருற்றவரைக் காணும் இடத்தில் மற்றொரு மொழி கட்டுண்டவரைக் காண்கிறது.

கட்டுண்டவர் விடுபடுதலைக் குறிக்கத் தமிழில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று மீட்சி, மற்றொன்று மீட்பு. மீளுதல் தன்வினை, மீட்டல் பிறவினை. மீள்பவர் தாமே மீள்கிறார்; மீட்கப்படுபவரைப் பிறர் மீட்கின்றனர். முன்னுரையில் எழுப்பிய வினாவை இலக்கண வாய்பாட்டில் கூறுவதாயின், போதையிலிருந்து விடுபடுதல் தன்வினையா பிறவினையா என்பதே அது. இவ்விரண்டையும் தமிழ் ஒரே வேரிலிருந்து பெற்றிருப்பது கருதத்தக்கது.

மைசூர்ச் சுவடியும் அரசின் பார்வையும்

மைசூர் கீழ்த்திசை நூலகத்திற்கும் இவ்வாய்வுப் பொருளுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அளித்த கிரந்த எழுத்துச் சுவடியிலிருந்தே கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தை ஆர். சாமசாத்திரி கண்டறிந்து 1909இல் அங்குப் பதிப்பித்தார். அந்நூலின் இரண்டாம் அதிகரணத்தில் மதுவிற்பனையை மேற்பார்க்கும் அதிகாரியின் கடமைகள் கூறப்படுகின்றன. மது எங்கே விற்கப்பட வேண்டும், குடியிடம் எவ்வாறு அமைய வேண்டும், குடிப்போரின் செலவை ஒற்றர் எவ்வாறு கவனிக்க வேண்டும் என்பனவெல்லாம் அதில் உள்ளன. அரசிற்குக் குடிப்பவர் வருவாயின் வாயில், கண்காணிக்கப்பட வேண்டியவர்.

ஆனால் அதே நூல் எட்டாம் அதிகரணத்தில் வியசனங்களை எடைபோடும்போது வேறொரு குரலில் பேசுகிறது. குடியால் நேரும் இழப்புகளை அடுக்குமிடத்தில் அறிவு, கல்வி, உயிர், பொருள் ஆகியவற்றோடு நண்பரை இழத்தலும், நல்லோரைப் பிரிதலும் எண்ணப்படுகின்றன. ஆட்சிநூல் ஒன்று குடியின் கேட்டை உறவின் முறிவாகவும் கணக்கிட்டிருப்பது நோக்கத்தக்கது. கண்காணிப்பாலும் தடையாலும் மதுவை எட்டாத இடத்தில் வைக்க அரசால் இயலலாம். இராசாசி 1937 அக்டோபர் 1இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். அதற்கு முன்பே 1929இல் திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் இதழைத் தொடங்கி, கல்கியின் துணையோடு குடிப்போரை நோக்கிப் பேச முற்பட்டார். சட்டம் மட்டும் போதாது, பேச்சும் வேண்டும் என்பதை அவ்விதழின் இருப்பே காட்டுகிறது. எத்தகைய பேச்சு பயன்தரும் என்பது அடுத்து எழும் வினா.

கள்ளுண்ணாமை: முகங்களின் அதிகாரம்

சங்ககாலத்தில் கள் உறவின் அடையாளமாகவும் இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடலில், சிறிதளவு கள் கிடைப்பின் அதைப் புலவர்க்கே ஈந்து, பெரிதளவு கிடைப்பின் அவர்களோடு சேர்ந்துண்டு மகிழ்ந்தவனாக அவன் நினைவுகூரப்படுகிறான். அங்குக் கள் கையிலிருந்து கைக்குச் செல்வது. வள்ளுவர் காட்டும் குடிகாரனோ மறைந்து குடிப்பவன். அவன் மறைவை உள்ளூரார் அறிந்து நகுவர் என்கிறது 927ஆம் குறள். பகிர்வாக இருந்தது ஒளிப்பாக மாறும் இடத்திலேயே போதை நோயாகிறது எனலாம்.

இவ்வதிகாரத்தில் முகங்கள் நிறைந்துள்ளன. சான்றோரால் மதிக்கப்படுதல் 922ஆம் குறளில் பேசப்படுகிறது. தாயின் முன்பே கூடாத களிப்பு சான்றோர் முன் எவ்வாறு தகும் என 923 வினவுகிறது. நாணத்தை ஒரு நற்பெண்ணாக்கி, குடிப்பவனுக்கு அவள் முதுகுகாட்டிச் செல்வதாக 924 உருவகிக்கிறது. உடற்கேட்டைவிட, தன்னை நோக்கும் முகங்களை ஒருவன் ஒவ்வொன்றாக இழத்தலே இங்கு மிகுதியாகப் பேசப்படுகிறது.

அதிகாரத்தின் இறுதி இரு குறள்களும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. களித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீரில் மூழ்கியவனை விளக்கைக் கொண்டு தேடுவது போன்றது என்கிறது 929. விளக்கில் குறையில்லை, ஆனால் அதன் ஒளி செல்லும் இடத்தில் அவன் இல்லை. இத்துடன் அதிகாரம் முடிந்திருப்பின் அது நம்பிக்கையிழந்த முடிவாகியிருக்கும். 930 மற்றொரு பொழுதைக் காட்டுகிறது. தான் உண்ணாதிருக்கும் பொழுதில் உண்டு களித்த ஒருவனைக் காண்பவன், தன் சோர்வையும் அதில் எண்ணிப்பாரானோ என வினவுகிறது. வாதம் நுழையாத இடத்தில் காட்சி நுழைகிறது. தன்னையொத்த மற்றொருவனே இங்குக் கண்ணாடியாகிறான்.

ஈண்டு இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று காலம் பற்றியது. களித்த பொழுதும் உண்ணாத பொழுதும் வேறு. விடுதலைக்கு இடம் உள்ளது பின்னதிலேயே. மீட்சி என்பது அவ்விடைப்பொழுதை நீட்டிக்கொண்டே செல்வதாகும். மற்றொன்று ஆள் பற்றியது. அப்பொழுதில் உதவுபவன் அறிவுரையாளனல்லன். அதே நிலையை உடையவன். ஆயின் வள்ளுவரின் கண்ணாடி ஒருவழிப்பட்டது. வீழ்ந்தவனைக் கண்டு தன் வீழ்ச்சியை உணர்தலே அதில் உண்டு. எழுந்தவனைக் கண்டு தன் எழுச்சியை உணர்தலும் கூடும் என்பது அக்குறளை நீட்டிப் பொருள்கொள்வதாகும். பிற்கால அனுபவம் அந்நீட்சிக்குச் சான்று தருகிறது.

மருந்தின் நான்காம் பகுதி

அதிகார வைப்பும் பொருளுடையது. கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதும், அதனையடுத்து மருந்தும் அமைகின்றன. மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளான 950, மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகப் பகுக்கிறது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து துணைசெய்பவனே உழைச்செல்வான். அவனை மருத்துவத்திற்குப் புறம்பான இரக்கமுடையோனாக வள்ளுவர் வைக்கவில்லை. மருத்துவத்தின் உறுப்பாகவே வைத்துள்ளார்.

போதை நோய்க்கு இப்பகுப்பு மிகவும் பொருந்தும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். எனவே மருத்துவனும் மருந்தும் இன்றியமையாதவர். ஆனால் உடலிலிருந்து நஞ்சு நீங்கச் சில நாட்களே ஆகும். அதன்பின் வரும் வெறுமையான மாலைப்பொழுதுகள் ஆண்டுக்கணக்கில் நீளும். அம்மாலைகளுக்கு உரியவன் உழைச்செல்வானே.

சாதுவன்: மொழியறிந்தவன்

மணிமேகலையின் 'ஆதிரை பிச்சையிட்ட காதை' இவ்வகையில் மறுவாசிப்பிற்குரியது. சாதுவன் மனைவியைப் பிரிந்து, கணிகையின் மனையில் சூதாடிப் பொருளனைத்தும் இழந்து, அவளாலும் துரத்தப்பட்டவன். கப்பலேறிச் சென்று, கலம் கவிழ்ந்து, பாய்மரத்துண்டைப் பற்றி நாகர் வாழும் மலையருகே கரையேறுகிறான். அவனை உண்ண வந்த நாகரிடமிருந்து அவனைக் காத்தது அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையே. அவர்களின் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் அளிக்க முன்வருகிறான். சாதுவனை அழித்த உலகமே மீண்டும் விருந்தாக வந்து நிற்கிறது. அவன் அதை மறுக்கிறான்.

இவ்விடத்தில் காப்பியம் அவனைத் தனியே தவம்புரிய அனுப்பவில்லை. தன் மறுப்பிற்கான காரணத்தை நாகர் மொழியிலேயே அவன் தலைவனுக்கு விளக்க நேர்கிறது. தங்களால் இயலும் அறம் எதுவெனத் தலைவன் கேட்கும்போது, கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாது காக்குமாறும், மூத்து இறந்த விலங்கினவன்றிப் பிற ஊனுக்காகக் கொல்லாதிருக்குமாறும் கூறுகிறான். முழுத் துறவை அவன் வற்புறுத்தவில்லை. அவர்க்கு ஒல்லும் அறத்தையே கூறுகிறான். வீழ்ச்சியை அறிந்தவன் கூறும் அறம் இவ்வாறு அளவறிந்து அமைகிறது. பிறரைத் திருத்தும் அப்பேச்சிலேயே சாதுவன் முதன்முறையாக மதிப்பிற்குரியவனாகிறான். அதன்பின்னரே அவனுடைய ஊர்திரும்பல் நிகழ்கிறது. பிறவினை தன்வினைக்கு வழியாகிறது.

அக்ரனும் மஞ்சக்குடியும்

இதே அமைப்பை 1935இல் அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் காணலாம். நியூயார்க்கின் பங்குச்சந்தைத் தரகரான பில் வில்சன், குடியை விட்ட சில மாதங்களாகக் குடிகாரர் பலரிடம் அறவுரை கூறி வந்தார். ஒருவரும் திருந்தவில்லை, 929ஆம் குறளின் விளக்கையே அவர் ஏந்தியிருந்தார். தொழில் முயற்சி தோற்று அக்ரனில் தனித்திருந்தபோது மீண்டும் குடிக்கும் வேட்கை எழுந்தது. அப்போது அவர் தேடியது அறிவுரையாளரையன்று. பேசுவதற்கு மற்றொரு குடிநோயாளரை. மே 12 அன்று அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால்மணி நேரம் மட்டுமே இருக்க இசைந்த பாப் இரவு நெடுநேரம் வரை உரையாடினார். பில் தம் கதையையே கூறினார். அதில் பாப் தம்மைக் கண்டார்.

பாப் அதன்பின் ஒரு மருத்துவ மாநாட்டிற்குச் சென்று மறுபடியும் குடித்துத் திரும்பினார். பில் அவர் பக்கத்திலிருந்து அகலவில்லை. பாப் இறுதியாகக் குடித்த நாள் ஜூன் 10. அநாமதேயக் குடிநோயாளர் இயக்கம் அந்நாளையே தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. ஒரு மறுவீழ்ச்சியை ஒட்டிய நாள் ஓர் இயக்கத்தின் பிறந்த நாளாயிருப்பது, வீழ்ச்சி முடிவன்று என்பதற்கு வரலாறு தரும் சான்றாகும். 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இவ்வியக்கத்தில் பங்கேற்கத் தூண்டும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடியாதிருத்தலைப் பொறுத்தவரை, பிற நிறுவப்பட்ட சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயன் தருவதாகக் கண்டுள்ளது.

தமிழகத்தில் இம்முயற்சி இழப்பிலிருந்து தோன்றியது. கணவர் டி.டி. ரங்கநாதனை 1979இல் இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் அவர் பெயரால் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். அந்நிறுவனம் 1989இல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் குடிநோயாளர்க்கான முகாமைத் தொடங்கியது. அவ்வூர் அன்று தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. நோயாளியை ஊரிலிருந்து பெயர்த்து நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல், மருத்துவத்தையே ஊருக்குக் கொணர்ந்தமை இதன் தனித்தன்மை. ஊரார் இடமும் ஆதரவும் தந்தனர்; குடும்பத்தினரும் சிகிச்சையில் பங்கேற்றனர். 927ஆம் குறளில் நகும் ஊர் இங்கு உழைச்செல்லும் ஊராக மாறியது. கர்நாடகத்திலும் தர்மஸ்தலக் கிராம வளர்ச்சித் திட்டத்தின் சார்பில் 'மத்யவர்ஜன' முகாம்கள் ஊர்களில் நடத்தப்படுகின்றன. முகாமை முடித்தோர் 'நவஜீவன சமிதி' என்னும் குழுக்களாகத் தொடர்ந்து கூடுகின்றனர். புதுவாழ்வு என்னும் பொருளுடைய அப்பெயரும் தமிழின் மறுவாழ்வு என்னும் சொல்லும் ஒன்றையே நோக்குகின்றன.

மூன்று ஐயங்கள்

இக்கருத்திற்கு மறுப்பாக மூன்று ஐயங்கள் எழலாம். முதலாவது, உறவே மீட்சிக்கு வழியெனில் ஒருவரின் பொறுப்பு என்னாவது என்பது. 930ஆம் குறள் இதற்கு விடை தருகிறது. கண்ணாடியைப் பிறர் தரலாம். அதில் எண்ணிப் பார்த்தல் அவரவர் செயல். துணை பொறுப்பை நீக்குவதில்லை, அதை ஏற்கும் நிலைக்கு ஒருவரைக் கொணர்கிறது.

இரண்டாவது, பிறவினை எல்லை மீறுதல் பற்றியது. மீட்பின் பெயரால் ஒருவரை அடைத்துவைத்தலும் அடித்தலும் நிகழ்வதுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்பதன் வரையறையில் சேர்த்து, நோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்கிறது. அடிமை என்னும் சொல்லை உருவகமாகக் கொள்ளாமல் நேர்ப்பொருளில் கொள்வோர்க்கு இச்சட்டம் தேவையாகிறது. கையைப் பற்றுவதற்கும் கையைக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்த மீட்பு, ஓர் அடிமைத்தனத்திலிருந்து மற்றொன்றிற்கு இட்டுச்செல்வதேயாகும்.

மூன்றாவது ஐயமே கடினமானது. துணையாக இருக்கும் கடமை பெரும்பாலும் யார்மீது சுமத்தப்படுகிறது? ஆதிரை கணவன் இறந்தான் எனக் கேட்டுத் தீயில் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. காப்பியத்தில் அது கற்பின் வெற்றி. நடப்பு வாழ்வில் குடிப்பவரின் மனைவியையும் மக்களையும் தீ சுடவே செய்கிறது. அடியும் கடனும் அவமானமும் தாங்கியவரிடம், இன்னும் பொறுத்திரு, உன் அன்பே அவரைத் திருத்தும் எனக் கூறுவது அறமாகாது. மன்னித்தல் அவர்க்கு உரிமை, கடனன்று. தீங்குற்றவரிடமிருந்து உரிமையுடன் கேட்கமுடியாத துணையை, தீங்குறாத மற்றொருவர் தர முன்வருவதே ஒத்தநிலையினர் குழுக்களின் அறச்சிறப்பு. குடும்பத்தினர்க்கென 1951இல் தனியே ஓர் அமைப்பு அமெரிக்காவில் தோன்றியதும் இத்தேவையை உணர்ந்தே. உழைச்செல்வாருக்கும் ஓர் உழைச்செல்வார் வேண்டும்.

முடிவுரை

ஆங்கிலத்தில் இரு சொற்களால் குறிக்கப்படும் எதிர்கால எதிர்பார்ப்பையும், ஒருவர்மீது வைக்கும் உறுதியையும் தமிழ் நம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. அச்சொல்லின் வேரான நம்பு என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். நசை, உறுதி, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் அடுக்காக அமைந்துள்ளன. போதையும் ஒரு நசையே. ஆனால் அது ஆளில்லாத நசை. அந்நசை ஒரு முகத்தை நோக்கித் திரும்பும்போது உறுதியாகிறது. அவ்வுறுதி நாளையின் மீதும் படரும்போது எதிர்பார்ப்பாகிறது. நாளையை நம்ப இயலாதவரும் எதிரில் அமர்ந்துள்ள ஒருவரை இன்றைக்கு மட்டும் நம்ப இயலும். மீட்சியின் தொடக்கத்திற்கு அது போதும்.

தொடக்கத்தில் எழுந்த இலக்கண வினாவிற்கு இனி விடை கூறலாம். போதையிலிருந்து விடுபடுதல் தன்வினையே. மீள்பவர்க்காக வேறெவரும் மீள இயலாது. ஆயினும் அத்தன்வினை ஒரு பிறவினையின் அருகில்தான் நிகழ்கிறது. சாதுவனும் அக்ரன் நகரில் கூடிய இருவரும் காட்டுவதுபோல, பிறரை மீட்க முற்படும் செயலில் ஒருவர் தாமும் மீள்கிறார். அவ்வாறாயின் 38 பேரில் ஒருவர்க்கே உதவி கிட்டும் நிலை, எஞ்சியோரின் உறுதிக்குறைவைக் காட்டுவதாகாது. மருத்துவனையும் மருந்தையும் எண்ணிய சமூகம், வள்ளுவர் நான்காவதாக எண்ணியவனை எண்ண மறந்தமையையே அது காட்டுகிறது.